மேடைக்குப் பின்னாலிருந்து: ஜாக்கி ராபின்சன் கேள்விகள்

போன இதழில் வேறு எதையோ பேசும்போது, நியூஜெர்சியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஜாக்கி ராபின்சன் கதையை நாடகமாகப் போட்ட ஒரு சிறு குழுவில் நான் ஸ்டேஜ் மேனேஜராக இருந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுக்க ஜாக்கிதான். தோல்பாவைக்கூத்து பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யார் இந்த ஜாக்கி ராபின்சன்? பேஸ்பாலே தெரியாத எங்களுக்கு அவர் கதை எதற்கு?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

பேஸ்பால் தெரியாவிட்டால் குடிமுழுகிப் போகாது. நாடகத்தைப் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் கறுப்பர்கள் ஆடக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. 1884-இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலீடோ அணிக்கு ஆடியிருக்கிறார். அப்புறம் அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். எழுதி வைக்காத விதி அது. நீக்கச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது? எழுதாத விதிக்கு எவ்வளவு பலம் என்று கும்பகோணத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபது வருடத்துக்கு மேல் சாத்திக் கிடந்த அந்தக் கதவு, 1947 ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் இறங்கியபோது திறந்தது.

ஜாக்கி 1919-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா விட்டுவிட்டுப் போனதும் அம்மா மேலி ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஊர் நீச்சல் குளத்தில் கறுப்பர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் அனுமதி. அவருடைய அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர். ஊர் திரும்பியதும் அவருக்குக் கிடைத்தது தெருக் கூட்டுகிற வேலை. ஒலிம்பிக் மேலாடையைப் போட்டுக்கொண்டே கூட்டினார். எங்கள் நாடகம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். மேடையில் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிக்கொண்டிருப்பார், முதுகில் நாட்டின் பெயர். கடைசி வரிசையில் சலசலத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட அங்கே அடங்கிவிடுவார்கள்.

எங்க ஸ்கூலுக்கு வந்த நாடகத்துல பந்தே இல்ல. பந்து இல்லாம எப்படி பேஸ்பால்?
— 12 வயது வாசகர், பார்சிப்பனி

தம்பி, நிஜப் பந்தை எறிந்தால் அது உன் பக்கத்து நாற்காலிக்கும் வரும். அப்புறம் உன் பிரின்சிபல் எங்களை எறிவார்.

விஷயம் அது மட்டுமில்லை. நிஜப் பந்து வந்துவிட்டால் எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். நம் ஊர்க் கூத்தில் அரசன் மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் காட்டுக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். யாரும் காட்டைக் கொண்டுவரச் சொல்வதில்லை. அதே கணக்குதான் இது. பக்கவாட்டில் நான் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவேன், அதுதான் மட்டையில் பந்து படும் சத்தம். எல்லா நடிகர்களும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் தலையைத் திருப்பினால் பந்து அங்கே போகிறது. இதற்குத்தான் ஒத்திகையில் பாதி நேரம் போகும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் மைதானத்தில் இரண்டு பந்துகள் பறக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜாக்கியே ஒரு நடிகர். 1946 ஏப்ரல் 18 அன்று, டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மான்ட்ரியால் ராயல்ஸுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் உங்கள் மாநிலத்தில், ஜெர்சி சிட்டி ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் நடந்தது. நாலு முறை அடித்து பேஸ் (ஓடித் தொட வேண்டிய முனை) சேர்ந்தார், அதில் ஒன்று ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் எல்லா முனைகளையும் சுற்றி வருவது. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. மூன்றாவது பேஸில் நின்றுகொண்டு ஓடப்போவதுபோல் பாய்வார், நிற்பார், மறுபடி பாய்வார். பிட்சர், அதாவது பந்து எறிபவர், பதறிப்போய் எறியத் தொடங்கி நிறுத்திவிட்டார். அது பிழை என்பதால் ஜாக்கி சும்மா நடந்துவந்து ஒரு ரன் எடுத்தார். அதே ஆட்டத்தில் இன்னொரு பிட்சரிடமும் அதே வித்தை பலித்தது. ராயல்ஸ் 14–1 என்று ஜெயித்தது. பந்தைத் தொடாமலே ஆட்டத்தைத் தன் பக்கம் இழுத்த ஒரு மனிதனைக் காட்ட எங்களுக்கும் பந்து தேவைப்படவில்லை.

அந்த ஸ்டேடியம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். நம்மவர்கள் அதைத் தாண்டித்தான் நியூவார்க் அவென்யூவுக்கு இட்லி சாப்பிடப் போவார்கள். ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

எட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் அந்த வசைகளையெல்லாம் மேடையில் சொல்ல வேண்டுமா? அவர்கள் மனசு என்ன ஆகும்?
— ஆரம்பப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

இந்தக் கேள்விக்காக எங்கள் குழுவில் பெரிய சண்டையே நடந்தது.

நடந்தது இது. 1947 ஏப்ரல் 22, புரூக்ளினுக்கு ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அணி வந்தது. அதன் மேனேஜர் பென் சாப்மனும் அவருடைய ஆட்களும் மைதான ஓரத்தில் அணியினர் உட்காரும் இடத்திலிருந்து ஜாக்கியை நோக்கிக் கத்திய வார்த்தைகள், அந்தக் காலத்து அமெரிக்காவே முகம் சுளித்தவை. தன் வாழ்க்கையில் உடைந்துபோகும் நிலைக்கு மிக அருகே போன நாள் அதுதான் என்று ஜாக்கி பிற்பாடு எழுதினார். ஆட்டம் ஒரு ரன்னும் இல்லாமல் இழுத்துக்கொண்டு போனது. எட்டாவது சுற்றில் ஜாக்கி அடித்தார், யாரும் அடிக்காமலே ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார், பின்னால் வந்தவர் அடித்ததில் புறப்பட்ட முனைக்கே வந்து சேர்ந்து ரன் எடுத்தார். டாட்ஜர்ஸ் 1–0 என்று ஜெயித்தது. அந்த ஒன்று ஜாக்கியுடையது.

வசையை அப்படியே சொல்வது என்று ஒரு கட்சி. சொல்லாவிட்டால் வரலாற்றுக்குச் சர்க்கரை தடவுகிறோம் என்றார்கள். என் கட்சி வேறு. அரங்கில் முந்நூறு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று கறுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சொல் மேடையிலிருந்து வந்தவுடன் மற்ற எல்லாத் தலைகளும் அந்த மூன்று பேர் பக்கம் திரும்பும். நான் பக்கவாட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். மேடையில் இருக்கும் ஜாக்கிக்குச் சம்பளம் உண்டு. கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன உண்டு? கடைசியில் இப்படி முடிவானது: சாப்மனாக நடிப்பவர் வாயைத் திறப்பார், ஆனால் வருவது தகரத்தை நசுக்குகிற சத்தம். பிள்ளைகள் ஜாக்கியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். என்ன சொன்னான் என்று தெரியாது, என்ன செய்தது என்று தெரியும். உயர்நிலைப் பள்ளிகளில் போடும்போது மட்டும், ஆசிரியர்களிடம் முன்கூட்டியே பேசி, சில வரிகளை வாயால் சொன்னோம்.

ஒன்றை மட்டும் எந்த வயதுக்கும் செய்யக்கூடாது. பார்வையாளர்களையே அந்தக் கூட்டமாக்கி, ஜாக்கியை நோக்கிக் கூச்சல் போடச் சொல்லும் இயக்குநர்கள் உண்டு. "பங்கேற்பு" என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குக் கூச்சல் போடுவது கொண்டாட்டம், சிரித்துக்கொண்டே போடுவார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பை எப்படித் திரும்ப வாங்குவது?

அந்தக் காட்சிக்கு அப்புறம் நாங்கள் வைத்திருந்த சின்னக் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாள்கள் சாப்மனைக் கிழித்ததும், அவர் பெயரைக் காப்பாற்றுவதற்காக மே மாதம் ஜாக்கியும் அவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். கைகுலுக்கவில்லை. ஒரே மட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் பத்து நொடி, வசனமே கிடையாது. நாடகம் முடிந்து பேசும்போது பிள்ளைகள் அதிகம் கேட்டது இதைப் பற்றித்தான்: "அவர் ஏன் ஒத்துக்கிட்டார்?"

திருப்பி அடிக்காமல் இருந்ததால் ஜாக்கி கோழை என்று என் மகன் சொல்கிறான். என்ன பதில் சொல்வது?
— ஒரு அம்மா, எடிசன்

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். நாடகத்தைக் கட்டியவர்கள் காட்சிகளை வரிசை மாற்றிப் போட்டிருப்பார்கள், அதன் விளைவு இது. பொறுமையின் சிகரம் என்று தொடங்கினால் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும்.

முதலில் வர வேண்டியது 1944. ஜாக்கி ராணுவத்தில் லெஃப்டினென்ட். டெக்சாஸின் கேம்ப் ஹூடில் ராணுவப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் போய் உட்காரச் சொன்னார் ஓட்டுநர். முடியாது என்றார். வாக்குவாதம் முற்றி, ராணுவ நீதிமன்றம் வரை போய், அங்கே குற்றமற்றவர் என்று விடுதலையானார். பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸுக்கு 11 வருடம் முன்னால் நடந்தது இது. இந்த மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அடுத்த காட்சிக்கு மதிப்பு.

அடுத்தது 1945 ஆகஸ்ட் 28, புரூக்ளின் மான்டேகு தெருவில் டாட்ஜர்ஸ் அலுவலகம். அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி, ஜாக்கியைக் கூட்டிவந்த கிளைட் சுக்ஃபோர்த் ஆகிய மூன்று பேர். கறுப்பர்களுக்கென்று ரிக்கி தொடங்கப்போகும் புது அணிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஜாக்கி நினைத்துக்கொண்டு போனார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேச்சு. அறுபதைத் தாண்டிய ரிக்கி கோட்டைக் கழற்றிவிட்டு நடிக்க ஆரம்பித்தார். அறை இல்லை என்று விரட்டும் ஹோட்டல் குமாஸ்தா, சாப்பாடு தர மறுக்கும் சர்வர், ஆணி வைத்த ஷூவோடு காலில் சறுக்கி வந்து மோதி, எழுந்து வசை பாடி, முகத்துக்கு நேரே முஷ்டியை வீசும் எதிரணி ஆட்டக்காரன் என்று வேடம் மாற்றி மாற்றி. நிற வரம்பை உடைக்கும் வேலை ஒரு ஒத்திகையில்தான் தொடங்கியது என்பது எனக்குத் தொழில்ரீதியாகவே பெருமை! எதிர்த்து அடிக்கப் பயப்படும் கறுப்பன்தான் உங்களுக்கு வேண்டுமா என்று ஜாக்கி கேட்டார். எதிர்த்து அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ளவன் வேண்டும் என்றார் ரிக்கி.

இந்தக் காட்சியில் ரிக்கியை ஞானியாக்கிவிடாதீர்கள் என்று ஒவ்வோர் இயக்குநரிடமும் சொல்வேன். வசையைக் கற்பனை செய்து பேசிப் பார்ப்பவர் சம்பளம் கொடுப்பவர், கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியவர் வேலை தேடி வந்தவர். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அந்த அறையில் அதிகாரம் யார் பக்கம் என்பது தெரிய வேண்டும். தவிர, ஜாக்கி அதுவரை ஆடிய கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பர் அணிக்கு ரிக்கி ஒரு காசு ஈடு தரவில்லை. அதையும் ஒரு வரியில் சொல்லலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.

மூன்றாவது, பெரும்பாலான நாடகங்கள் விட்டுவிடுவது. திருப்பி அடிப்பதில்லை என்பது ஆயுள் முழுக்கப் போட்ட வாய்ப்பூட்டு இல்லை, கெடு வைத்த ஒப்பந்தம். 1949-இல் ரிக்கி கட்டை அவிழ்த்துவிட்டார். ஜாக்கி அம்பயர்களோடு மல்லுக்கு நின்றார், வசைக்கு வசை கொடுத்தார். நேற்று வரை அவரை அடக்கமானவர் என்று கொண்டாடிய பத்திரிகைகளுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வருடம்தான் லீகின் சிறந்த மட்டையாளர், மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, இரண்டும் அவருக்கு. இதை உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள். நாடகம் 1947-ஓடு திரை போட்டுவிட்டால், வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்குத்தான் கைதட்டல் என்று அவன் நினைத்தால் அது அவன் தப்பில்லை.

கூட்டம் கூச்சல் போடும்போது பீ வீ ரீஸ் என்ற வெள்ளை ஆட்டக்காரர் ஜாக்கியின் தோளில் கைபோட்டு நின்றாராமே. உண்மையா?
— ஒரு அப்பா, சிங்கப்பூர்

புரூக்ளினில் 2005-இல் அதற்குச் சிலையே வைத்தார்கள். ஆனால் எந்த ஊரில், எந்த வருடம் என்பதில் நினைவுகள் முட்டிக்கொள்கின்றன. சின்சினாட்டி 1947 என்கிறார்கள், பாஸ்டன் 1948 என்கிறார்கள். 1947 செய்தித்தாளில் செய்தியும் இல்லை, படமும் இல்லை. இருவரும் நல்ல நண்பர்கள் என்பது மட்டும் சந்தேகமில்லாத விஷயம்.

எனக்கு வேறு ஒரு குறை. அதை உச்சக்கட்டமாக வைக்கும் நாடகங்களில், வெள்ளைக்காரர் வந்து கைபோட்டதும் இசை உயர்ந்து பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. கை வேண்டுமென்றால் படம் பிடிக்கப்பட்ட கை ஒன்று இருக்கிறது. நான் மேலே சொன்ன அந்த ஜெர்சி சிட்டி ஆட்டத்தில், ஹோம் ரன் அடித்துவிட்டு ஓடிவந்த ஜாக்கிக்கு ஜார்ஜ் ஷூபா என்ற வெள்ளை ஆட்டக்காரர் கைகொடுத்தார். தியாகமும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. சக ஆட்டக்காரன் நன்றாக அடித்தான், கைகொடுத்தார். அவ்வளவுதான். எனக்கு இது போதும்.

கறுப்பர் கதையை வெள்ளைச் சிறுவன் ஒருவன் கண்வழியாகத்தான் சொல்ல வேண்டுமா?
— நாடகத் துறை மாணவி, புதுச்சேரி

ஸ்டீவன் டீட்ஸ் எழுதி 2010-இல் சியாட்டில் சிறுவர் அரங்கில் போடப்பட்ட 'ஜாக்கி அண்ட் மீ'யை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பேஸ்பால் அட்டையைக் கையில் பிடித்தால் பழைய காலத்துக்குப் போகும் சிறுவன், 1947-இல் போய் இறங்கும்போது கறுப்புப் பிள்ளையாகியிருக்கிறான். மேடைக்கு அருமையான தந்திரம். அவன் திரும்பி வந்துவிட முடியும், ஜாக்கியால் முடியாது. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் உணரும்படி இயக்கினால் சரி. இல்லாவிட்டால் ஜாக்கி அந்தச் சிறுவனின் வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்பவராக ஆகிவிடுவார். மற்றபடி நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்றால், ஜாக்கியின் அண்ணன் கண்ணிலிருந்து எழுதிப் பாருங்களேன்.

இந்தக் கதையில் பெண்களே இல்லையா?
— எட்டாம் வகுப்பு மாணவி, டொராண்டோ

ரேச்சல் இருக்கிறார்! 1946 பிப்ரவரியில் கல்யாணம். அந்த மாதக் கடைசியில் பயிற்சி முகாமுக்காக லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு இருவரும் விமானம் ஏறினார்கள். மாமியார் மேலி ஒரு ஷூ டப்பாவில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் கட்டிக்கொடுத்தார். விமானத்தில் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறா என்று ரேச்சலுக்குக் கூச்சம். நியூ ஆர்லியன்ஸில் அவர்களை இறக்கிவிட்டார்கள். விமான நிலையச் சாப்பாட்டுக் கடையில் கறுப்பர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது, அந்த டப்பாதான் கைகொடுத்தது. பென்சகோலாவில் மறுபடி இறக்கிவிட்டு, அவர்கள் இருக்கையை வெள்ளையர்களுக்குக் கொடுத்தார்கள். மீதித் தூரம் பேருந்தில், அதுவும் பின்வரிசைக்கு விரட்டப்பட்டு. எங்கள் நாடகத்தில் அந்த ஷூ டப்பாவைப் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு. ரேச்சலாக நடித்த பெண் அதை மடியில் வைத்துப் பிடித்திருக்கும் விதத்திலேயே பாதிக் கதை வந்துவிடும். ரேச்சல் 1973-இல் ஜாக்கி பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். 2022-இல் நியூயார்க்கில் அருங்காட்சியகம் திறந்தபோது, நூறு வயதில், அங்கே இருந்தார்.

பால் ராப்சனுக்கு எதிராக ஜாக்கி சாட்சி சொன்னதைச் சிறுவர் நாடகத்தில் மறைப்பது நேர்மையா?
— கல்லூரி விரிவுரையாளர், மதுரை

எட்டு வயதுக்கு வேண்டாம். பதினாலு வயதுக்கு மறைத்தால் நேர்மையில்லை.

1943 டிசம்பரில் பேஸ்பால் முதலாளிகள் கூட்டத்துக்குக் கறுப்பர் பத்திரிகைக்காரர்களோடு போய், கறுப்பர்களை ஆட விடுங்கள் என்று பேசியவர், கறுப்பினப் பாடகரும் நடிகருமான ராப்சன். அப்போது அவர் பிராட்வேயில் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் கழித்து, 1949 ஜூலையில், கம்யூனிச எதிர்ப்பு வேட்டை நடத்திய நாடாளுமன்றக் குழு முன்னால், அதே ராப்சனின் பேச்சை மறுக்க ஜாக்கியைக் கூப்பிட்டார்கள்; சோவியத் யூனியனுக்கு எதிரான போரில் அமெரிக்கக் கறுப்பர்கள் சண்டையிட மாட்டார்கள் என்று ராப்சன் சொன்னதாகச் செய்தி வந்திருந்தது. ஜாக்கி போனார். ராப்சன் சொன்னதாக வந்தது உண்மையானால் அது அசட்டுத்தனம் என்றார். கறுப்பர்களுக்கு நடக்கும் அநீதி கம்யூனிஸ்டுகளின் கற்பனை இல்லை என்றும் அதே அறிக்கையில் அழுத்திச் சொன்னார். பத்திரிகைகளுக்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது. அடுத்த வருடம் ராப்சனின் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. 1972-இல், இறந்த வருடத்தில் வந்த சுயசரிதையில், இப்போது கூப்பிட்டால் போக மாட்டேன், ராப்சன் மீது மதிப்பு கூடியிருக்கிறது என்று எழுதினார் ஜாக்கி. வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நாடகக் காட்சி கிடைக்குமா? எங்கள் குழு இதை வைக்கவில்லை, 50 நிமிடத்தில் இடமில்லை என்றார்கள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் இதைத் தமிழில் போட ஆசை. 15 நிமிடம்தான் தருவார்கள். என்ன செய்யலாம்?
— தன்னார்வ ஆசிரியை, பிஸ்கடவே

அச்சில் இருக்கும் நாடகத்தை எடுத்தால் உரிமம் வாங்கிப் பணம் கட்ட வேண்டும். மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி. அதைவிட நீங்களே எழுதுங்கள், நடந்த சம்பவங்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

பிள்ளைகள் முகத்தில் கறுப்பு மை பூசாதீர்கள். "வேடம்தானே" என்று யாராவது பெற்றோர் டப்பாவோடு வருவார், வாசலிலேயே நிறுத்துங்கள். அமெரிக்காவில் மை பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதே நிறவெறியை எதிர்த்தவர் கதைக்கு அந்த மையா? முதுகில் ஜாக்கியின் எண்ணான 42 எழுதிய சட்டை போதும். இனி புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று 1997-இல் எல்லா அணிகளும் சேர்ந்து ஓய்வு கொடுத்த எண் அது. யாருக்கும் சொல்லாமலே புரியும்.

15 நிமிடம் என்றால் மான்டேகு தெரு அலுவலகம் மட்டும். ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூன்று பிள்ளைகள். குரல் மாற்றிப் பேசத் தெரிந்த வாலை ரிக்கியாகப் போடுங்கள், கேட்டுக்கொண்டு உட்காரத் தெரிந்தவரை ஜாக்கியாக. இரண்டாவதுதான் கஷ்டம், அதற்கே அதிக ஒத்திகை. மேடைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை ஒன்று எப்படியும் இருக்கும். அதற்கு சுக்ஃபோர்த் வேடம் கொடுத்துவிடுங்கள்: முழுநேரமும் மேடையில் இருக்கலாம், வசனம் ரொம்பக் கிடையாது.